பெரும்பாதையில் ஒரு சிற்றூர் நிலையம்

அன்புள்ள நிலா,

நீ லண்டனுக்கு வண்டி ஏறும் கிரேட் மிஸ்ஸெண்டன் நிலையம், நகரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்காகவே கட்டப்பட்டதுதானே என்று கேட்டிருந்தாய். இன்றைய காலை நேரக் கூட்டத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1892-ல் மெட்ரோபாலிட்டன் ரயில்வே சில்டர்ன் குன்றுகளின் வழியே ஆயில்ஸ்பரிக்குத் தண்டவாளம் போட்டபோது, அதன் தலைவர் எட்வர்ட் வாட்கின் மனத்தில் இருந்தவை மான்செஸ்டரும் பாரிசும். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு ரயில்வேக்கும் தென்கிழக்கில் இன்னொன்றுக்கும் அவரே தலைவர். கடலுக்கடியில் பிரான்சுக்குச் சுரங்கம் தோண்டவும் முயன்று, அரசு தடுத்ததால் நிறுத்தியவர். எல்லாவற்றையும் ஒரே தடமாகக் கோக்க நினைத்த மனிதருக்கு, மிஸ்போர்ன் பள்ளத்தாக்கு குன்றுகளைத் தாண்ட வாகான வழி. அந்த வழியில் கிடந்ததால் ஊருக்கு நிலையம் வாய்த்தது. 1899 முதல் கிரேட் சென்ட்ரல் ரயில்வேயின் தொலைதூர வண்டிகளும் இதே பாதையில் லண்டனின் மேரிலபோன் நிலையத்துக்குப் போயின.

‘அப்படியென்றால் மெட்ரோலேண்ட்?’ என்று நீ மடக்கலாம். நியாயம்தான். 1915-ல் மெட்ரோபாலிட்டன் கம்பெனியே தன் பாதையோரப் பகுதிகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டி, ஆண்டுதோறும் கவர்ச்சியான சிறுநூல் போட்டு, கிராமத்தில் வீடு, லண்டனில் வேலை என்று ஆசை காட்டியது. ஆனால் விளம்பரம் போன தூரத்துக்கு வீடுகள் போகவில்லை. அடுத்த ஊரான அமர்ஷாமைப் பார். அதே கம்பெனி, அதே 1892. அங்கே நிலையம் பழைய ஊரை விட்டு மேட்டில், வெட்டவெளியில் அமைந்தது. அதைச் சுற்றி ஒரு புது ஊரே முளைத்தது. மிஸ்ஸெண்டனிலோ நிலையம் பழைய கடைத்தெருவை ஒட்டி, பரவ இடமில்லாத பள்ளத்தாக்கில் நின்றது. கிராமத்தைக் காத்தது, லண்டனைச் சுற்றி வீடுகள் பரவாமல் தடுக்கும் பசுமை வளையச் சட்டம்தான் என்பார்கள். பிற்காலத்துக்கு அது சரி; முதல் சட்டம் வந்ததோ 1938-ல், வண்டி ஓடத் தொடங்கி 46 ஆண்டுக்குப் பிறகு.

ஆக, தினசரிப் பயணிகளின் நிலையம் என்பது கட்டியவர்களின் நோக்கமல்ல. மற்றவையெல்லாம் கழிந்தபின் மிஞ்சியது. பாதையை மின்மயமாக்கும் வேலை அமர்ஷாமோடு நின்றது. 1961-ல், மெட்ரோபாலிட்டனை ஏற்று நடத்திய லண்டன் டிரான்ஸ்போர்ட் தன் வண்டிகளையும் அதற்கு அப்பால் விடாமல் நிறுத்திக்கொண்டது. 1966-ல் ஆயில்ஸ்பரிக்கு வடக்கே நெடுந்தூரப் பாதை மூடப்பட்டது. 1980-களில் மேரிலபோனையே மூட ஒரு யோசனை எழுந்து கைவிடப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பாதைக்குப் பிழைப்பாக இருந்தவர்கள், காலையில் போய் மாலையில் திரும்பும் உன்னைப் போன்றவர்கள்தாம்.

வாட்கின் கனவு கண்டது போன்ற வடதிசை அதிவேகப் பாதை ஒன்று இப்போது நிஜமாகவே உங்கள் பக்கம் வருகிறது. எச்எஸ்2 என்னும் அந்தப் பாதையின் 16 கிலோமீட்டர் சில்டர்ன் சுரங்கம் உங்கள் ஊருக்கு மேலே, சவுத் ஹீத் அருகில் வெளிப்படுகிறது. இந்தத் தடவை உங்களுக்கு நிலையம் கிடையாது.

அன்புடன்,
சித்தப்பா