சத்தத்தை வாயால செஞ்சு காட்டுங்க

"எப்படிச் சத்தம் வருதுன்னு வாயால செஞ்சு காட்டுங்க சார்."

ஐம்பத்திரண்டு வயதில், கோவை காட்டூரில் ஒரு சந்து முனையில் நின்றுகொண்டு, "உம்ம்ம்ம்" என்று முனகிக் காட்டினேன். பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"விட்டு விட்டு வருதுங்களா, ஒரே இழுப்பா?"

"ஒரே இழுப்பு. அறுபதைத் தாண்டினா ஆரம்பிக்குது."

"கிளட்சை மிதிச்சா?"

"அப்பவும் நிக்கலை."

"அப்ப இஞ்சின் இல்லீங்க. சக்கரத்தோட சுத்தற ஏதோ ஒண்ணு."

பானட்டைத் திறக்கக்கூட இல்லை. பாதி வண்டியை விசாரணையிலிருந்து விடுவித்துவிட்டார். இதே முனகலுக்காக இரண்டு மாதம் முன்பு வேறொரு இடத்தில் நான்கு டயரையும் மாற்றியிருந்தேன். புது டயரிலும் அதே முனகல்தான்.

அந்தப் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் இரட்டைக்கிளவிக்கே ஓர் அகராதி போடலாம். வண்டியை எடுக்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ ஒரே ஒரு 'டொக்' என்றால் இஞ்சின் மவுன்ட், அல்லது லோயர் ஆர்ம் புஷ். சின்னச் சின்னக் குழிகளில் 'டொக் டொக்' என்றால் லிங்க் ராட். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டிக் டிக் டிக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போயிருக்கும். 'கடகட' என்றால் முதலில் சைலன்சர் மேல் இருக்கும் தகடு. பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியில் இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் படித்தோம். இங்கே பிரித்தாலும் பொருள் உண்டு. ஒரு டொக்குக்கு ஒரு பில், இரண்டு டொக்குக்கு வேறு பில்.

"முதல்ல டிக்கியைக் காலி பண்ணுடா" என்றார் பையனிடம். பத்தொன்பது வயதிருக்கும், காதில் சின்னக் கடுக்கன். ஜாக்கி, குடை, பாதித் தண்ணீர் கேன், எப்போதோ கோயிலில் கொடுத்த தேங்காய் மூடி ஒன்று, எல்லாம் தரைக்கு வந்தன. ஸ்டெப்னியை ஆட்டிப் பார்த்து இறுக்கினான். நான் கூசிப்போய் நின்றேன். "சத்தம்னு வர்ற வண்டியில பலது இதுலயே தீந்துரும் சார். ஜாக்கி ஆடுன சத்தத்துக்கு ஷாக்கப்சர் மாத்துனவங்கெல்லாம் இருக்காங்க."

பிறகு ட்ரையல். அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில், பையன் பின்சீட்டில். உப்பிலிபாளையத்தில் மேம்பாலம் ஏறினோம். 2025 அக்டோபரில் திறந்த, கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டர் நீளும் பாலம். சிக்னல் இல்லை, குழி இல்லை. சத்தம் கேட்க இதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கு அக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டித்தான் அவர் தொழில் கற்றார் என்பது ஊரறிந்த கதை. அண்ணனோ பிரிப்பதைக் கூடியமட்டும் தள்ளிப்போடுகிறவர்.

கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்தார். அறுபத்தைந்தில் முனகல் வந்தது. "பின்னாடி இடது பக்கம்" என்றேன். அவர் பதில் சொல்லாமல், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கம் வளைத்தார். முனகல் கனத்தது. இடப்பக்கம் வளைத்தார், மெலிந்தது.

"வலது பக்கம் திருப்பினா வண்டியோட கனம் இடது பக்கச் சக்கரத்துல உக்காரும். அப்பத்தான் கத்துது. பேரிங்ங்க. டயர்ச் சத்தமா இருந்தா ரோடு மாற மாற சத்தமும் மாறும். பேரிங்குக்கு எந்த ரோடும் ஒண்ணுதான்."

இடது பக்கம் என்றவரை நான் சொன்னது சரி. முன்னாலா, பின்னாலா?

பட்டறைக்கு வந்து ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். இனி காதுதான் வேலை செய்யும் என்று நினைத்தேன். அண்ணன் முன்சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டு, சுருள் ஸ்பிரிங்கின் மேல் மூன்று விரலை வைத்துக்கொண்டார். வீணையில் கை வைத்த மாதிரி, அழுத்தாமல். இன்னொரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "வாங்க, நீங்க வையுங்க." வைத்தேன். சக்கரம் சுற்றச் சுற்ற, அரிசி மாவில் மணல் கலந்திருந்தால் விரலுக்குத் தெரியுமே, அப்படி ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியே ஏறி வந்தது. வலது பக்கத்தில் அதே இடத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை. பின்சக்கரங்களிலும் இல்லை. முன்னால் பிறந்த சத்தம் தகடு வழியே ஊர்ந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறது.

"மழைத்தண்ணில எறக்குனீங்களா?"

போன மழைக்கு லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றபோது, முன்னால் போன பஸ்ஸை நம்பி இறக்கியதைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

பையன் நஞ்சப்பா ரோட்டுக்குப் போய்ப் பேரிங் வாங்கி வந்தான். பழையதைக் கழற்றுவதைவிடப் புதியதை ஏற்றுவதில்தான் அண்ணன் கண்ணும் கருத்துமாக நின்றார். சுத்தியலை எடுக்கவே விடவில்லை, ஹைட்ராலிக் பிரஸ்தான். பேரிங் உட்காரும் ஹவுசிங்குக்குள் இறக்கும்போது அதன் வெளி வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழவேண்டுமாம். உள் வளையத்தில் அழுத்தினால் பாரம் முழுக்கக் குண்டுகள் வழியாகப் போகும். அவை ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் போட்டுவிடும். "அப்புறம் ஆறே மாசத்துல சார் திரும்பி வந்து வாயால பாடிக் காட்டுவாரு" என்றார். அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

டீ குடிக்கும்போதுதான் கேட்டேன், காதை விட்டுவிட்டு ஏன் விரல் என்று.

"மேல் சத்தமெல்லாம் எனக்குக் கேக்கறதில்லீங்க சார்" என்றார், கடையில் சில்லறை இல்லை என்கிற தொனியில். "பதினாலு வயசுல டிங்கரிங்ல சேந்தேன். நாளெல்லாம் தகட்டு மேல அடி. அந்தக் காலத்துல காதுல பஞ்சு வெக்கச் சொல்லக்கூட ஆளில்லை."

ஓயாத இரைச்சல் செவியைத் தின்னும்போது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சத்தங்கள்தான் முதலில் போகும். முனகல், டொக், கடகட எல்லாம் அவருக்கு மிச்சமிருக்கின்றன. 'கீச்' போய்விட்டது. தேய்ந்த பிரேக் பேடின் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுவது இவர் காதில் விழாது. அதற்குத்தான் பின்சீட்டில் பையன். அவன் கிரைண்டர் பிடிக்கும்போது காதை மூடும் மஃப் மாட்டியிருக்கிறானா என்று அண்ணன் இரண்டு தடவை எட்டிப் பார்த்ததற்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

மாலையில் மறுபடி பாலம். அறுபத்தைந்து, எழுபது, எண்பது. வலப்பக்கம் வளைத்தார், இடப்பக்கம் வளைத்தார். முனகல் இல்லை. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் 'டப் டப்' மட்டும்.

"அண்ணா, ஒரு கீச் இருக்குதுங்க" என்றான் பையன்.

எனக்கும் மெல்லக் கேட்டது. இத்தனை நாள் முனகலுக்கு அடியில் கிடந்திருக்கும். அண்ணன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எங்கடா?"

அவன் சீட்டுகளுக்கு நடுவே முன்னால் எட்டி, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரின் பிளாஸ்டிக் பீடத்தில் விரலை வைத்தான். கீச் நின்றது. விரலை எடுத்தான், வந்தது. பீடத்தின் ஓரம் கண்ணாடியில் உரசிக்கொண்டிருந்தது. அண்ணன் ஓரமாக நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை எடுத்து நகத்தளவு கிழித்து, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு இடுக்கில் செருகினார். வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.

"நின்னுருச்சாடா?"

"நின்னுருச்சுங்ணா."