இடுக்கை அடைக்கும் முன்

ஆண்டிறுதி விடுமுறை வந்துவிட்டால், பள்ளி நாள்களில் தள்ளிப்போட்ட வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாக நம்மை அழைக்கத் தொடங்கும். உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் வீவக வீட்டில் இம்முறை முதலிடம் பிடித்தது, மரத்தரைக்கும் சுவரடிப் பலகைக்கும் இடையிலிருந்த இடுக்கு. சுவரின் அடியோரமாகப் பதிக்கும் இந்தப் பலகையை 'ஸ்கர்ட்டிங்' என்றால் எல்லாருக்கும் விளங்கும். அதன் கீழே சில இடங்களில் ஒரு வெள்ளிக் காசு தாராளமாக நுழைந்தது. எறும்புகளுக்கு அதுவே நெடுஞ்சாலை.

பழுதுபார்க்க வந்தவர், கெட்டியான பசையை உள்ளே திணித்து, பலகையைத் தரையோடு சேர்த்து ஆணி அடித்துவிடலாம் என்றார். நாற்கால் ஊன்றுகோலுடன் நடக்கும் என் தாயார்தான் அதைத் தடுத்தார். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகளுக்கு வியப்பு. "ஏன் பாட்டி, அடைச்சா எறும்பு வராதுல்ல?" என்று கேட்டாள்.

"ஐப்பசி மழையில ஊர்ல கதவு நெலையோட இறுகிக்கும்மா. இழுத்தாலும் வராது. தை பொறந்தா தானாத் தளந்துடும். மரம் தண்ணி குடிக்கும். குடிச்சா உப்பும். அதுக்கு எடம் விடணும்ல?"

தச்சர் குடும்பத்தில் பிறந்தவரின் இந்த விடையில் அறிவியல் முழுமையாக இருக்கிறது. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும். காற்று உலர்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இம்மாற்றம் மிகமிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். சிங்கப்பூரில் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதம், மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டளவுக்கு இறங்கும். குளிர்சாதனம் ஓடும் அறையில் காற்று மேலும் உலரும். எனவே, மரத்தரை பதிப்போர் சுவரோரமாக ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். அதை மறைப்பதே சுவரடிப் பலகையின் முதல் வேலை.

ஆக, அங்கே இருப்பவை இரண்டு இடைவெளிகள். தரைக்கும் சுவருக்கும் இடையே மறைந்திருப்பது தேவையானது. பலகையின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடையே கண்ணுக்குத் தெரிவது, தரை மட்டமின்மையாலோ பலகை சுருங்கியதாலோ வந்தது. இரண்டாவதை மூடலாம், முதலாவதை நிரப்பக் கூடாது. நிரப்பினால், விரிய இடமின்றித் தரைப் பலகைகள் நடுவில் மேலெழும்பும். ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவருக்கு அந்த மேடு ஒன்று போதும், இடறி விழ.

மூடுவதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும். இடுக்கு அண்மையில்தான் விரிந்ததா? மிதித்தால் தரை அமுங்குகிறதா? மரம் கறுத்தோ உளுத்தோ இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும், நீர்க்கசிவையும் கறையானையும் முதலில் தேடவேண்டும்.

எங்கள் வீட்டில் அத்தகைய குறை இல்லை. இடுக்கைத் தூரிகையால் துடைத்தோம். மெல்லிய இடங்களுக்கு, உலர்ந்த பின்னும் நெகிழும் அக்ரிலிக் பசையைப் பயன்படுத்தினோம். இதன்மேல் வண்ணம் பூசலாம்; சாதாரண சிலிக்கோன் பசையின்மேல் வண்ணம் ஒட்டாது. பசை இருபுறமும் பரவாதிருக்க ஒட்டுத்தாள் ஒட்டி, இடுக்கின் மேல்வாயில் மட்டும் மெல்லிய கோடாக இட்டு, ஈரவிரலால் வழித்து, பசை காயும் முன்பே தாளை உரித்தோம். அகலமான இடங்களில் பசையை நம்பாமல், தச்சர்கள் 'பீடிங்' என்னும் கால்வட்ட மரப்பட்டியை வைத்தோம். அதன் ஆணிகள் சுவரடிப் பலகையில் மட்டுமே இறங்கின; தரையில் ஒன்றுகூட இல்லை. தரை அதன் அடியில் தன் விருப்பம்போல் நகரலாம்.

மகள் ஒட்டுத்தாள் பிடித்தாள். பாட்டி நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வையிட்டார். மட்டம், இழைப்பு, நிலை, உளி, பட்டி எனப் பாடநூலில் எளிதில் கிடைக்காத சொற்கள் பேச்சுவாக்கில் வந்தன. மகள் இடையிடையே, "பாட்டி, அது வந்து..." என்று சொல் தேடி நின்றாள். பாட்டி எடுத்துக் கொடுக்கவில்லை; காத்திருந்தார். சொல் வந்தது.

ஆசிரிய நண்பர்களுக்கு இங்கே மேரி பட் ரோவின் ஆய்வு நினைவுக்கு வரலாம். வினா கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்றும், அதை மூன்று விநாடியாக நீட்டினால் மாணவரின் விடைகள் நீள்கின்றன என்றும் அவர் 1970களில் காட்டினார். தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை பாதி வாக்கியத்தில் தயங்கும்போது, அந்த மௌனத்தை ஆங்கிலச் சொல்லாலோ நம் சொல்லாலோ உடனே நிரப்பத் துடிக்கிறோம். ஆனால் அது மொழி விரிவதற்கு வேண்டிய இடம். எழுத்துப் பிழையையும் ஒலிப்புப் பிழையையும் திருத்தத்தான் வேண்டும். அவை எறும்பு நுழையும் இடுக்குகள். எது எந்த இடைவெளி என்று பார்த்த பிறகே பசையைக் கையில் எடுக்கவேண்டும்.

பெற்றோர்களே, இவ்விடுமுறையில் ஒரு சிறு வீட்டு வேலையைப் பிள்ளைகளோடும் தாத்தா பாட்டியோடும் சேர்ந்து தமிழில் செய்து பாருங்கள். பிள்ளை சொல் தேடி நிற்கும்போது மூன்று விநாடி மட்டும் பொறுத்திருங்கள்.