மாணிக்க கங்கைக் கரையில்

தென்னிலங்கைக் கதிர்காமம் என்றதும் மாணிக்க கங்கையின் குளிர்ச்சிதான் உடம்பில் முதலில் ஏறும். ஆடித் திருவிழாக் காலத்தில் மட்டக்களப்பிலிருந்து அம்மம்மாவோடு போவோம். கரையெல்லாம் மருத மர நிழல். நாங்கள் முழுகும் இடத்திலேயே சிங்களக் குடும்பங்களும் முழுகும். உடை மாற்றிக்கொண்டு எல்லோரும் ஒரே வாசலுக்கு நடப்போம்.

கோபுரமில்லாத சின்னக் கோயில் அது. உள்ளே விக்கிரகம் தெரியாது. வள்ளி தெய்வானையோடு முருகன் வீற்றிருக்கும் திரைச்சீலைதான் தெரியும். பூசகரான கப்புறாளை வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வார். வெளியே பக்தர்கள் தேங்காயைக் கையில் ஏந்தி, மேலே கற்பூரம் கொளுத்தி, அது எரிந்து முடியும் மட்டும் நேர்த்தியை முணுமுணுத்து நிற்பார்கள். பிறகு ஓங்கிக் கல்லில் அடிப்பார்கள். அடித்த கை தமிழ்க் கையா சிங்களக் கையா என்று அம்மம்மா பார்த்ததில்லை. “பாவம், அவவுக்கு என்ன குறையோ” என்பா.

அங்கிருந்து தாமரைப் பூவோடு கிரிவெகரை என்ற பௌத்தத் தூபிக்குப் போவோம். அங்கே ஒரு பள்ளிவாசலும் உண்டு, திருவிழாவுக்கு அங்கேயும் கொடியேறும். இரவில் முருகனின் யந்திரப் பேழை யானை மீதேறி வள்ளியம்மன் கோயிலுக்குப் புறப்படும்போது, அரோகரா என்ற குரல் எந்தப் பக்கமிருந்து தொடங்கியது என்றே தெரியாது.

பின்னாளில் மானிடவியல் படிக்கையில், இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகரவின் எழுத்தில் அந்த வாசலை மறுபடி கண்டேன். கதிர்காமத்துச் சடாமுடித் துறவியர் பலரிடம் அவர் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டார். பிரிவு, சாவு, குடும்பத் துயரம் எல்லாம் அந்தச் சடையில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று 1981இல் வெளிவந்த நூலில் எழுதினார். 1988இல் பௌத்த ஆய்வாளர் ரிச்சர்ட் கொம்பிரிச்சோடு சேர்ந்து எழுதிய நூலில், சிங்கள பௌத்தரிடையே பக்தி வழிபாடு பெருகியதை அவர்களுடைய மாறிவரும் சமூக வாழ்க்கையோடு பொருத்திக் காட்டினார். இந்து, பௌத்தம், நாட்டார் வழிபாடு என்று ஏடுகள் பிரித்து வைத்தவை ஒரே மனிதரின் ஒரே நேர்த்திக்கடனுக்குள் குடியிருப்பதை அந்த எழுத்து எனக்கு விளக்கியது.

கதிர்காமம் யாருக்குச் சொந்தம் என்று வாதாடுகிறவர்கள் கல்வெட்டையும் புராணத்தையும் புரட்டட்டும். அதற்கு முன், கற்பூரம் எரியும் தேங்காயோடு நிற்கிறவரிடம் என்ன குறைக்காக வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்க வேண்டும். சமயத்தை அறிய அதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.