உப்புத்தாளுக்குத் தப்பிய கட்டைகள்

ஒஹாயோவில் எந்தத் துப்பாக்கிச் சந்தைக்குப் போனாலும் இந்தியாவின் இஷாப்பூர் ரைஃபிள் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசி மேஜையில் இருக்கும். ஸ்வீடன் மவுசருக்கும் இங்கிலாந்து என்ஃபீல்டுக்கும் துணி விரித்திருப்பார்கள். நம் நாட்டுச் சரக்கு வெறும் பலகைமேல் கிடக்கும். பக்கத்தில் ஓர் அட்டை: ‘கரடுமுரடு, ஆனால் சுடும்.’ பல வருஷமாக இந்த அட்டையைப் பார்த்தும் பேசாமல் வந்திருக்கிறேன். சமீபத்தில் நம் ஊர்ப் பையன் ஒருவன், ஐ.டி.யில் வேலை பார்ப்பவன், ஓர் இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு என் பேஸ்மென்ட் பட்டறைக்கு வந்தான். “அங்கிள், ரொம்ப அசிங்கமா இருந்துச்சு. யூடியூப் பார்த்து நானே சரி பண்ணிட்டேன், பாருங்க” என்றான். கட்டை முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பாலியூரித்தேன் அடித்திருந்தான். இரும்பிலிருந்த கறுப்பு எனாமலை உரித்து வெள்ளை வெளேரென்று ஆக்கியிருந்தான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவன் உரித்த கறுப்பு பெயின்ட், யாரோ ஒரு காவல்காரர் பொழுது போகாமல் பூசியது அல்ல. இஷாப்பூர் தொழிற்சாலையே கொடுத்த பூச்சு அது. வங்காளத்து ஈரத்தில் இரும்பைக் காப்பாற்ற அதுதான் வழி. உப்புத்தாளில் போனவை இன்னும் மோசம். பின்கட்டையிலிருந்த பரிசோதகர் முத்திரை போயிற்று. பழுது பார்த்த தேதி போயிற்று. புதுக்கட்டை எப்போதும் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்துதான் நிற்கும். அப்படித்தான் செதுக்குவார்கள். இப்போது அவன் துப்பாக்கியில் மரம் உள்ளே போய், இரும்பு விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. இதற்கு மருந்தே கிடையாது.

நான் கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் டிரேடு படித்தவன். பிறகு டூல்ரூம், பிறகு இங்கே டை மேக்கர் வேலை, இப்போது ஓய்வு. டூல்ரூம் சம்பளத்தில் வின்செஸ்டரும் பெரெட்டாவும் சேர்க்க முடியாது. ராணுவம் கழித்துவிட்ட ரைஃபிள்தான் எனக்கு எட்டியது. எட்டியதால் வாங்கினேன் என்றாலும், அதனால் மட்டும் இத்தனை வருஷம் கூடவே இருக்கவில்லை. நேர்த்தியான ஃபிட்டிங் வேலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் பழைய ராணுவ ரைஃபிளைவிட மலிவான பாடப்புத்தகம் கிடைக்காது.

இவை ஏன் மலிவாக இருந்தன என்பது தனிக்கதை. இரண்டாம் உலகப்போர் முடிந்து, நாடுகள் எல்லாம் தானியங்கித் துப்பாக்கிக்கு மாறியபோது லட்சக்கணக்கில் போல்ட் ரைஃபிள்கள் கிட்டங்கிகளில் தேங்கின. சாமுவேல் கம்மிங்ஸ் என்ற மனிதர் 1953இல் இன்டர்ஆர்ம்கோ தொடங்கி, அவற்றை நாடு நாடாகப் போய் வாங்கி, வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஆற்றங்கரைக் கிட்டங்கிகளில் அடுக்கினார். தபாலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டுக்கு வரும். கென்னடியைச் சுட்ட இத்தாலிய கார்கனோவும் அப்படித் தபாலில் வந்ததுதான். தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19.95 டாலர். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தபால் விற்பனையையும் ராணுவ உபரி இறக்குமதியையும் நிறுத்தியது. எண்பதுகளின் நடுவில் பழம்பொருள் என்ற கணக்கில் இறக்குமதியைத் திரும்ப அனுமதித்தார்கள். எங்கள் காலம் தொடங்கியது அப்போதுதான். சோவியத் சரிந்த பிறகு ரஷ்ய மோசின் நாகான்ட் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. மூன்று வருஷத்துக்கு 30 டாலர் கட்டிப் பழம்பொருள் சேகரிப்பாளர் உரிமம் எடுத்துக்கொண்டால், 50 வயது தாண்டிய துப்பாக்கி வீட்டு வாசலுக்கே வரும். வந்ததைப் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இறக்குமதியில்தான் இஷாப்பூர் சரக்கும் வந்தது. ஹூக்ளிக் கரையில் 1904இல் நிறுவிய தொழிற்சாலை. பிரிட்டிஷ் காலத்து ரைஃபிளின் கழுத்துப் பட்டையில் கிரீடம் இருக்கும், இந்தியா குடியரசான பிறகு செய்ததில் அசோகச் சிங்கம் இருக்கும். எனக்கு இரண்டும் வேண்டும். 1962 சீனப் போருக்குப் பிறகு அதே பழைய உடம்பில் 7.62 தோட்டா போடும் 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களைச் செய்தார்கள். பழைய 303 ரைஃபிளைத் துளை மாற்றி விற்றுவிட்டார்கள் என்று இங்கே வாய் கூசாமல் சொல்லுவார்கள். பொய். அவை புதிதாகச் செய்தவை, உயர்ந்த எஃகில் செய்தவை. சதுரமான மேகசீனைப் பார்த்தாலே தெரியும். இந்தியாவில் 303 என்பது தடை செய்யப்பட்ட துளை அளவு. அங்கே உரிமம் உள்ளவருக்கும் அதே இஷாப்பூர் 315 துளை அளவில் செய்து தரும் வேட்டை ரைஃபிள் போன்றவைதான் கிடைக்கும். கோயம்புத்தூரிலேயே இருந்திருந்தால் இந்தத் துப்பாக்கியை நான் போலீஸ்காரர் தோளில் மட்டும்தான் பார்த்திருப்பேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குழலின் உட்பக்கம், ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்குமான இடைவெளி) எல்லாம் எல்லாரும் பார்ப்பார்கள். ரிசீவர், போல்ட் கைப்பிடி, மூக்குமூடி, பின்குறியின் அடிப்பக்கம் ஆகிய நான்கிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதியில் போல்ட்டைத் தனியாகக் கழற்றி மொத்தமாகக் கொட்டி அனுப்பியவர்கள் உண்டு. எண் மாறிய போல்ட் என்றால் ஹெட்ஸ்பேஸ் கேஜ் போடாமல் சுடவே கூடாது. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு ஓடினால் அதைக் குறை என்று நினைக்காதீர்கள். கட்டை பிளக்காமல் இருக்க இஷாப்பூர் சேர்த்த பலம் அது. முன்கட்டையைச் சுற்றிச் செம்புக்கம்பி கட்டியிருந்தால் அது கையெறி குண்டு வீசப் பயன்பட்ட துப்பாக்கி. அந்தக் கம்பியை அவிழ்த்துக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இனி முன்கட்டை. இதைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத விரும்பினேன்.

என்னிடம் ஓர் இஷாப்பூர் மார்க் 3 இருந்தது. போர்க்காலத்தது. குழல் பளபளவென்று இருந்தது, எண்கள் எல்லாம் ஒன்று. ஆனால் சுட்டால் குண்டு வலப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று என்று சிதறியது. தோட்டாவை மாற்றினேன், குறியை மாற்றினேன், பயனில்லை. கேம்ப் பெர்ரி சுடுகளத்தில் அறிமுகமான ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஆங்கிலேயர். பிரிட்டிஷ் ராணுவத்தின் ரீமி படைப்பிரிவில் ஆர்மரராக (ஆயுதம் பழுது பார்ப்பவராக) இருந்து, பின்னால் மகளோடு இங்கே வந்து தங்கியவர். குழலை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்கட்டையைப் பிடித்து மெல்ல அசைத்தார். அசைந்தது. “இது துப்பாக்கி இல்லை, ஒரே பைக்குள் போட்ட உதிரி சாமான்” என்றார்.

நான் பழக்கத்தில் பின்கட்டையின் நீள ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டின் நுனி சதுரம். அது முன்கட்டையின் பின்முனையில் உள்ள தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. முன்கட்டையைக் கழற்றாமல் அதைத் திருகினால் சதுரம் சுழலும், முன்கட்டை இரண்டாகப் பிளக்கும். முன்கட்டைதான் முதலில் வர வேண்டும். அதையும் மூக்குப்பக்கம் பிடித்து நெம்பக் கூடாது, மரச்சுத்தியால் தட்டித் தட்டி நேராகக் கீழே இறக்க வேண்டும்.

இறக்கிக் காட்டினார். முன்கட்டையின் பின்பக்கம், உள்ளே, இரண்டு பக்கமும் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு இரண்டு சின்ன மரப்படிகள். குண்டு முன்னே போகும்போது இரும்பு பின்னே தள்ளுகிறதே, முன்கட்டையில் அந்த உதையைத் தாங்குவது இந்த இரண்டு படிகள்தான். இரண்டும் ஒரே நேரத்தில் இரும்பைத் தொட வேண்டும். ஒன்று மட்டும் தொட்டால் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு ஒரு பக்கமாகத் திரும்பும், குண்டும் கூடவே போகும். வங்காளத்தின் ஈரக்காற்றில் பதப்பட்ட மரம், ஒஹாயோ குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டில் கிடந்தால் சுருங்கத்தானே செய்யும்.

எது எங்கே தொடுகிறது என்று காட்டும் ப்ரஷ்யன் ப்ளூ சாயம் ஃபிட்டருக்குத் தெரியும். நான் அதை நீட்டினேன். மரம் அதைக் குடித்துவிடும், பொய் சொல்லும் என்று மறுத்துவிட்டார். மண்ணெண்ணெய் விளக்கின் புகையை இரும்பில் பிடித்தார். மாட்டினார், திருகினார், பின்கட்டையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார், கழற்றினார். இடப்படியில் கரி, வலப்படி வெறுமை. வலப்பக்கம் ஒரு மரச்சில்லு வைத்தாக வேண்டும். சில்லின் நார் குழலின் திசையிலேயே ஓட வேண்டும், நார்முனை உதையை வாங்க வேண்டும். குறுக்கே வைத்தால் நாலு வெடியில் நசுங்கும். வஜ்ஜிரம் போட்டு ஒட்டி, காய்ந்த பிறகு மறுபடி புகை, மறுபடி உளி. உளியில் வருவது செதில் அல்ல, தூசி. சம்மட்டி பிடித்த கைக்கு இந்தப் பொறுமை வராது. அந்தக் குளிர்காலம் முழுக்க இதே வேலைதான். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் கழற்றச் சொல்லுவார். கட்டை கையோடு வந்துவிட்டால் “இல்லை” என்று ஒரே வார்த்தை. மரச்சுத்திக்கு முரண்டு பிடித்து இறங்கிய நாளில் ஒன்றும் சொல்லாமல் தேநீர் கொண்டுவந்தார்.

வேலை நடுவே அவர் எனக்கு ஒன்று காட்டினார். இடப்படியின் ஓரத்தில், எண்ணெய்க் கறுப்புக்குள், ஒரு புறாவால் ஒட்டு. வேறு மரத்துண்டைச் செதுக்கிச் சொருகி, மெல்லிய பித்தளை ஆணி அடித்து, மேலே சமப்படுத்தியிருந்தார்கள். நகத்தால் தடவினால் தட்டுப்படாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். “உனக்கு முன்னாலேயே உன் ஊர்க்காரர் ஒருவர் இங்கே வந்துபோயிருக்கிறார். வேலை தெரிந்தவர்” என்றார். இஷாப்பூரிலோ, ஏதோ ஒரு படைமுகாமின் ஆயுதப்பட்டறையிலோ, பேர் தெரியாத ஓர் ஆர்மரர் எனக்கு முன்னால் அதே படியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். சந்தை அட்டைகள் ‘கரடுமுரடு’ என்று சொல்வது இந்தக் கையைத்தான். புதிதாக மரம் கேட்டால் கிடைக்காத இடத்தில், இருக்கிற மரத்தைக் காப்பாற்றிய கை. ஐரோப்பிய ரைஃபிளில் இதே ஒட்டு இருந்தால் ‘ஆர்சனல் ரிப்பேர்’ என்று விலையைக் கூட்டுகிறார்கள்.

இன்றைக்கு இந்தப் படிகளை யாரும் தேடுவதில்லை. எப்பாக்ஸியைக் கலந்து கட்டையின் கால்வாய் முழுக்க ஊற்றி, இரும்பை வைத்து அழுத்திவிடுகிறார்கள். ஒரு மணி நேர வேலை. முதல் வருஷம் நன்றாகத்தான் சுடும், மறுக்கவில்லை. அடுத்த ஆள் அதைக் கழற்றிச் சரிசெய்ய வழியே இல்லாமல் செய்துவிட்டார்களே, அதுதான் என் ஆத்திரம்.

மற்ற பராமரிப்பெல்லாம் சுலபம். பழைய ராணுவத் தோட்டாவின் ப்ரைமர் குழலுக்குள் உப்பை விட்டுப்போகும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும், மறுநாள் என்றால் துரு முந்திக்கொள்ளும். பெட்டியில் வந்த கெட்டிக் கிரீசை ஆகஸ்ட் வெயிலில், கறுப்புப் பையில் சுற்றிக் காருக்குள் போட்டு உருக்கலாம். எண்ணெய் ஊறிய கட்டைக்குச் சாக்பொடி அப்பினால் இழுத்துக்கொள்ளும். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒத்தினால் மரநார் எழுந்துவிடும், ஆனால் முத்திரை இருக்கும் பக்கம் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள், முத்திரையும் எழுந்துவிடும். பிறகு ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும், விரித்துக் காயப்போடுங்கள். உப்புத்தாள் இந்தப் பட்டியலில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மலிவு என்ற சொல்லும் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டியாக வந்த மோசினை இன்று ஒற்றையாகத் தேடுகிறார்கள். விலை ஏறியது எனக்கு வருத்தமில்லை, ஏறிய விலை என்ன செய்கிறது என்பதுதான் வருத்தம். முழு ரைஃபிளைவிட அதன் உறுப்புகளைத் தனித்தனியாக விற்றால் பணம் அதிகம். அதனால் வாங்கியவுடனே கழற்றுகிறார்கள். மூக்குமூடி ஒருவருக்கு, மேகசீன் ஒருவருக்கு, முன்கட்டை ஒருவருக்கு. ஐம்பது அறுபது வருஷம் ஒரே எண்ணோடு சேர்ந்திருந்த சாமான்கள் ஆளுக்கொரு மாநிலத்துக்குத் தபாலில் போகின்றன. போன வசந்தச் சந்தையில் ஒருவர் இஷாப்பூர் முன்கட்டைகளை விறகுபோலக் குவித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பின்முனையைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றில் ஒன்றாவது பிளந்திருந்தது, எல்லாம் ஒரே இடத்தில், அந்தச் சதுர நுனி சுழன்ற இடத்தில். ஏன் இப்படி என்று கேட்டேன். “பழைய மரம், இந்தியச் சாமான் அப்படித்தான்” என்றார். பின்கட்டையை முதலில் கழற்றினீர்களா என்று கேட்டதற்கு, வேறெப்படிக் கழற்றுவது என்று திருப்பிக் கேட்டார்.