செஞ்சியிலிருந்து ஒரு வாடகை மோட்டார்

செஞ்சிக்கு இருப்புப்பாதை கிடையாது, பஸ் உண்டு. எனினும், முழங்கால் நோவுடைய என் அன்னையாரைப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தபோது யான் வாடகை மோட்டாரையே நாடினேன். வழியில் சற்று விலகிப் பனமலையையும் காணவேண்டுமென்பது அவர்களது நெடுநாள் ஆவல்.

முதலில் வந்தவர் மிகக் குறைந்த தொகையே கூறினார். வண்டியிலோ வெள்ளைப் பலகை! சாரதியோடு வாடகைக்கு ஓடும் டீசல் வண்டிக்கு மஞ்சள் பலகையே விதி. சொந்த உபயோகத்திற்கென்று பதிந்த வண்டியைக் கூலிக்கு ஓட்டுங்கால் விபத்து நேரின், இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பை மறுக்க இடமுண்டு. ஆதலின் அவரை வணங்கி அனுப்பிவிட்டேன்.

மஞ்சள் பலகைக்காரர் ஒருவழிப் பயணத்திற்கும் இருவழித் தூரம் கணக்கிட்டார். நியாயமே, வெறுவண்டியாய்த் திரும்பும்போது எண்ணெய் குடியாதிருக்குமோ? சாரதியின் படி, சுங்கம், புதுச்சேரி எல்லைக்குரிய பெர்மிட், காத்திருப்புக் கூலி யாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்.

பனமலையில் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் குன்றின்மேல் உள்ளது. காத்திருப்புக்கும் கூலி பேசியிருந்தமையால் சாரதி கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. அன்னையார் அமர்ந்தமர்ந்து படியேறி, சுவரில் எஞ்சியுள்ள உமையம்மையின் ஓவியத்தை நெடுநேரம் நோக்கி நின்றார்கள்.