பிரேக் தரவை மறைத்தேன்

இணையவழிக் கார்ப் பந்தய லீக் ஒன்றில், என் தவறால் நேர்ந்த மோதலுக்கு இன்னொருவரைக் குற்றவாளியாக்கினேன். மோதியது ஒரு குற்றம். அதைவிடப் பெரியது, பந்தயம் முடிந்தபின் நடுவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த புகார். அந்தப் புகாரை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தால் பொய் என்று ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. மொத்தமாகப் படித்தால் அது முழுப் பொய். அதை நம்பி நடுவர்கள் அவரைத் தண்டித்தார்கள். நான் பல மாதங்கள் வாயைத் திறக்கவில்லை.

சிம் ரேசிங் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங், பெடல்கள், திரை ஆகியவற்றுடன் வீட்டில் உட்கார்ந்தபடி, உண்மையான பந்தயத் தடங்களின் கணினி வடிவங்களில் ஓட்டும் போட்டி இது. இடித்தால் எலும்பு முறியாது, காரைச் சரிசெய்யச் செலவும் கிடையாது. நிஜத் தடத்தில் ஓட்டுநரைக் கட்டுப்படுத்தும் முதல் காவலன் பயம். அந்தக் காவலன் இங்கே இல்லை. அதனால்தான் நடத்தை விதிகளுக்கு இங்கே இத்தனை முக்கியத்துவம்.

மென்பொருள்களும் இதற்கு வழி தேடியிருக்கின்றன. 2008இல் தொடங்கிய ஐரேசிங்கில், தடத்தை விட்டு வெளியேறினால் 1 புள்ளி, கட்டுப்பாட்டை இழந்தால் 2, இன்னொரு காரில் பலமாக மோதினால் 4 என்று குற்றப்புள்ளிகள் ஏறும். பலமான மோதலில் இடித்தவருக்கும் இடிபட்டவருக்கும் ஒரே கணக்குதான். யார் தவறு என்று அது பார்ப்பதில்லை. புள்ளிகள் கூடக்கூட ஓட்டுநரின் பாதுகாப்பு மதிப்பீடும் உரிமத்தின் தரமும் இறங்கும். 2017இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட், பந்தய நாகரிகம் பற்றிய காணொளிகளைப் பார்த்து முடிக்காமல் இணையப் போட்டிக்குள்ளேயே விடவில்லை. ஆனால் எந்த மென்பொருளாலும் ஓட்டுநரின் நோக்கத்தைப் படிக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் லீக்குகள் ஸ்டூவர்டுகளை, அதாவது மனித நடுவர்களை, வைத்துக்கொள்கின்றன.

எங்கள் லீக்கின் விதிகள் எளிமையானவை. வளைவில் உள்பக்கம் இடம் கேட்பவரின் முன்சக்கரம், முன்னால் இருப்பவர் திரும்பத் தொடங்குமுன்பே அவருடைய கதவுக்கு இணையாக வந்திருக்க வேண்டும். தற்காத்துக்கொள்பவர் நேர்பாதையில் ஒருமுறைதான் பாதை மாறலாம்; பிரேக் பிடிக்கும்போது மாறக் கூடாது. இடித்து முந்தினால் நின்று, இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புகார் மறுநாள்தான் கொடுக்கலாம், கோபம் ஆறிய பிறகு. புகாரோடு ரீப்ளே துண்டும் அதன் நேரக்குறிப்பும் தர வேண்டும். இந்த விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனும் நான்தான்.

அன்று மோன்சா தடம், ஜிடி3 கார்கள். தொடக்க நேர்பாதையின் முடிவில் முதல் சிகேன் வருகிறது: மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலிருந்து சட்டென்று இறங்கி வலது, உடனே இடது. பின்னர் நான் குற்றவாளியாக்கிய அந்த ஓட்டுநரின் பின்னாலேயே பல சுற்றுகளாக இருந்தேன். மற்ற வளைவுகளில் நான்தான் வேகம் என்று எனக்குள் ஒரு கணக்கு. ஒவ்வொரு முறை நெருங்கியபோதும் அவர் விதிக்கு உட்பட்டு, சுத்தமாகத் தற்காத்துக்கொண்டார். அந்தச் சுத்தமே எனக்கு எரிச்சலை மூட்டியது. ஒரு தவறாவது செய்திருந்தால் அவரைக் குறைசொல்லியிருப்பேன். அவர் செய்யவில்லை.

அடுத்த சுற்றில், வழக்கமாக நான் பிரேக் மிதிக்கும் இடத்தைத் தாண்டினேன். தெரிந்தே தாண்டினேன். அப்போது என் மனதில் ஓடியது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது: ‘அவர் ஒதுங்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் போகட்டும்.’ மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் போட்டுவிட்டு உள்பக்கம் பாய்ந்தேன். இந்த வகைப் பாய்ச்சலை டைவ்பாம் என்போம். அவர் முறைப்படி வளைவுக்குள் திரும்பினார். என் காரின் மூக்கு அவருடைய வலது பின்சக்கரத்தின் பக்கம் இடித்தது. அவர் கார் சுழன்று எதிர்த்திசை பார்த்து நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். நின்று இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

மறுநாள் அவருக்கு முந்திக்கொண்டு புகார் கொடுத்தேன். முதலில் புகார் கொடுப்பவன் பாதிக்கப்பட்டவனாகத் தெரிவான் என்பதை அனுபவத்தில் கண்டிருந்தேன். ‘மோதிய நேரத்தில் நான் பக்கவாட்டில் இருந்தேன்’ என்று எழுதினேன். உண்மைதான், பிரேக்கைத் தாமதமாக மிதித்தால் யாரும் அந்த நேரத்தில் பக்கவாட்டில்தான் இருப்பார்கள். ‘பிரேக் பகுதியில் அவர் வலப்பக்கம் நகர்ந்தார்’ என்று எழுதினேன். வளைவே வலப்பக்கம்தான். ரீப்ளே துண்டை மோதலுக்குச் சற்று முன்னால் மட்டும் தொடங்குமாறு வெட்டினேன். அதற்கு முன்பு நான் ஒரு காரின் நீளத்துக்கும் மேல் பின்னால் இருந்தது அதில் தெரியாது. கேமராவை என் ஓட்டுநர் இருக்கையில் வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய சின்ன நகர்வுகூடப் பெரிதாகத் தெரியும்.

கடைசியாக இணையத் தாமதத்தையும் துணைக்கு அழைத்தேன். 260 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 72 மீட்டர் போகிறது. தரவு வந்துசேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானால் 7 மீட்டர் வித்தியாசம். அந்த இடைவெளியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. அதனால் இரண்டு ஓட்டுநர்களின் திரைகளில் ஒரே மோதல் இரண்டு விதமாகத் தெரிவது உண்டு. அது உண்மையான தொழில்நுட்பப் பிரச்சினை. அன்று நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். ‘என் திரையில் அவர் எனக்கு இடம் விட்டது போலத் தெரிந்தது’ என்று எழுதினேன். இதை யாராலும் மறுக்க முடியாது. மறுக்க முடியாது என்பதற்காகவே எழுதினேன்.

அவருடைய பதில் வந்தது. அதில் கோபம் இல்லை. தன் ரீப்ளேயைத் திரும்பப் பார்த்ததாகவும், பிரேக் பிடிக்கும்போது தன் கார் சற்று நகர்ந்திருப்பது உண்மை என்றும், வேண்டுமென்று செய்யவில்லை என்றாலும் அதைச் சொல்ல வேண்டியது தன் கடமை என்றும் எழுதியிருந்தார். நடுவர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். வேலை முடிந்து வந்து, ஊதியமில்லாமல், குவிந்து கிடக்கும் புகார்களை இரவில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் அவர்கள். ஒருவர் உறுதியாகக் குற்றம் சாட்டுகிறார், மற்றவர் பாதியை ஒப்புக்கொள்கிறார். தீர்ப்பு அவருக்கு எதிராகப் போயிற்று. தண்டனைப் புள்ளிகளோடு, அடுத்த பந்தயத்தை அவர் பிட் லேனிலிருந்து, அதாவது எல்லோருக்கும் பின்னால், தொடங்க வேண்டியதாயிற்று. அவருடைய நேர்மையே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. அப்படி ஆக்கியவன் நான்.

தீர்ப்பு வந்த இரவு என் டெலிமெட்ரி கோப்பைத் திறந்தேன். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது, எந்தப் பெடல் எங்கே எவ்வளவு அழுந்தியது என்பதெல்லாம் அதில் கோடுகளாகப் பதிவாகும். அந்தக் கோப்பு இருந்தது என் கணினியில் மட்டும். நானாகக் கொடுத்தால் ஒழிய நடுவர்கள் கைக்குப் போகாது. முந்தைய சுற்றுகளில் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் எழுந்த பிரேக் கோடு, அந்தச் சுற்றில் மட்டும் 30 மீட்டருக்கு மேல் தள்ளி எழுந்திருந்தது. கால் தடுமாறியதற்கோ கவனம் சிதறியதற்கோ அதில் அடையாளம் இல்லை. முடிவெடுத்து மிதித்த கோடு அது. பார்த்துவிட்டுக் கோப்பை மூடினேன். அந்த நொடியிலிருந்து, ‘அப்போது எனக்குச் சரியாகத் தெரியவில்லை’ என்று சொல்லும் உரிமைகூட எனக்குப் போய்விட்டது.

நிஜப் பந்தயங்களிலும் இப்படி நடந்ததுண்டு. 2006 மொனாக்கோ ஃபார்முலா 1 தகுதிச்சுற்றில் மைக்கேல் ஷூமாக்கர் ராஸ்காஸ் வளைவில் காரை நிறுத்தினார். பின்னால் வந்தவர்களின் சுற்று கெட்டது. தவறிவிட்டது என்றார் அவர். நடுவர்கள் காரின் தரவை எடுத்துப் பார்த்து, அந்த இடத்தில் அவ்வளவு அழுத்தமாக பிரேக் பிடிக்க நியாயமான காரணம் இல்லை என்று முடிவுசெய்து, அவருடைய நேரங்களை ரத்துசெய்து கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். ஃபார்முலா 1இல் தரவு நடுவர்கள் கையில் இருக்கிறது. எங்கள் லீக்கில் அது ஓட்டுநரின் மனசாட்சியிடம் இருக்கிறது. 1990இல் சுசுகாவின் முதல் வளைவில் தன் போட்டியாளர் ப்ரோஸ்டை இடித்துத் தள்ளிய அயர்டன் சென்னா, அது வேண்டுமென்றே செய்தது என்பதை 1991இல் வெளிப்படையாகச் சொன்னார். சென்னா செய்தது தவறு என்று நண்பர்களிடம் நான் வாதாடியிருக்கிறேன். 2020 மே மாதம் ஃபார்முலா ஈ நடத்திய இணையப் பந்தயத்தில் டேனியல் அப்ட் தனக்குப் பதிலாக வேறொருவரை ஓட்டவைத்து மாட்டிக்கொண்டார். 10,000 யூரோ நன்கொடையாகக் கட்ட நேர்ந்தது. ஆடி அணியில் இருந்த இடமும் போயிற்று. அவரைப் பற்றி நான் மிகக் கடுமையாகப் பேசினேன். பிறர் ஏமாற்றுவதைக் காணும் கண் எனக்கு நன்றாகவே இருந்தது. என் கோப்பைத் திறக்கும் கைதான் வரவில்லை.

தாமதமாகத்தான் வந்தது. சீசன் முடிந்தபின், டெலிமெட்ரி கோப்பையும் வெட்டாத ரீப்ளேயையும் நடுவர்களுக்கு அனுப்பினேன். எதைச் செய்தேன், எதை மறைத்தேன் என்று வரிசையாக எழுதினேன். அந்தப் பந்தயத்திலிருந்து என்னைத் தகுதிநீக்கம் செய்தார்கள். அடுத்த சீசனின் தொடக்கத்தில் தடையும் விதித்தார்கள். இரண்டும் சரி. அவருக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதினேன். கோபித்துக்கொள்ளாமல் சுருக்கமாகப் பதில் எழுதினார். அதில் ஒரு வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எந்தப் புகாருக்கும் தன் தவறை ஒப்புக்கொண்டு பதில் எழுதியதில்லை என்று சொல்லியிருந்தார்.

நான் செய்த சேதம் இதுதான். ஒரு பந்தயத்தின் முடிவைத் திருத்திவிடலாம், புள்ளிப் பட்டியலை மாற்றி எழுதலாம். உண்மை சொன்னால் தண்டனை என்று ஒரு நேர்மையான மனிதருக்கு நான் கற்றுக்கொடுத்ததை எந்த நடுவராலும் ரத்துசெய்ய முடியாது.

நடுவர்களிடம் இரண்டு விதிகள் கேட்டிருக்கிறேன். புகார் கொடுப்பவர் தன் டெலிமெட்ரியையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் புகாரை எடுக்கவே கூடாது. ஒருவர் தானாக ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்து அவரைத் தண்டிக்கக் கூடாது; ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை குறைய வேண்டும். இந்த விதிகள் அன்று இருந்திருந்தால் நான் நல்லவனாகியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். அவர் தண்டிக்கப்பட்டிருக்க மாட்டார். விதிகள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். சரியான இடத்தில் பிரேக் மிதிப்பதும், மிதிக்காதபோது அதைச் சொல்வதும் என் வேலை.