குரூக் நூல்களின் முன்னே

இராஞ்சி மாநகரில் நாங்கள் குடியேறிப் பதினான்கு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இத்தனை காலமும் எங்கள் இல்லத்து வேலைகளுக்குத் துணையாக வரும் அம்மாளோடு நாங்கள் பேசி வந்தது அரைகுறை இந்தியே. அவர் ஓராவ் குலத்தவர் என்பதை அறிவோம். அவர் தம் வீட்டில் என்ன மொழி பேசுகின்றார் என்று ஒருநாளேனும் கேட்டோமில்லை. அவருக்கென்று சமையலறைச் சன்னலருகே ஓர் எவர்சில்வர் குவளை தனியே இருந்தது. பிள்ளைகள் தமிழை மறந்துவருகின்றனரே என்று சங்கக் கூட்டந்தோறும் வருந்துகின்ற நாங்கள், பிறர் மொழியைப் பற்றி நினைக்காதிருந்தது எங்களுக்கே உறைக்கவில்லை.

அவ்வம்மாளின் மகள் பல்கலைக்கழகத்தில் குரூக் மொழியில் முதுகலை பயில்கின்றாள். சென்ற ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் தாயோடு வந்தவள், “ஒன்பதாம் தேதி உலகப் பழங்குடியினர் நாள். நூலகத்தில் எங்கள் நூல்களையெல்லாம் எடுத்து அடுக்கியிருக்கிறோம். நீங்களும் வாருங்கள், ஆன்ட்டி” என்று அழைத்தாள். 1994இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த நாள் அது. மறுக்க மனமின்றிக் குடும்பத்தோடு சென்றோம். உண்மையைச் சொன்னால், அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவதாகவே எண்ணம்.

மேல் தட்டுகளில் தடித்த பழைய நூல்கள் இருந்தன. ஹான் பாதிரியார் 1900இல் வெளியிட்ட குரூக் இலக்கணம், கிரிஞார்டு பாதிரியாரின் 1924ஆம் ஆண்டு அகராதி, இந்நகரில் வழக்கறிஞராக இருந்த சரத் சந்திர ராய் 1915இல் ஓராவ் மக்களைப் பற்றி எழுதிய நூல் ஆகியவை அவற்றுட் சில. யாவும் உழைத்து எழுதப்பெற்றவை. ஆயினும் ஒன்றேனும் ஓராவ் ஒருவர் எழுதியதன்று. அம்மக்கள் தாமே எழுதியவை கீழே ஒரு மேசையில் இருந்தன. மெல்லிய அட்டையிட்ட பாட்டுத் தொகுதிகள், மாணவர் ஆய்வேடுகள், மருத்துவர் நாராயண் ஓராவ் குரூக்கிற்கென அமைத்த தோலோங் சிகி எழுத்தில் அரிச்சுவடிகள். இம்மேசை நிறைவதற்கு வழி செய்தது, 1980இல் இராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பழங்குடி, வட்டார மொழித் துறை. அமெரிக்காவில் பேராசிரியர் பணியை விட்டுத் திரும்பி அதனைக் கட்டி எழுப்பியவர் இராம் தயாள் முண்டா. ஐந்து பழங்குடி மொழிகளும் நான்கு வட்டார மொழிகளும் அங்கே பாடமாயின.

அகராதியைப் புரட்டிய எங்களுக்கு ஒரு திகைப்புக் காத்திருந்தது. கண்ணுக்கு அவர்கள் சொல் ‘கன்’. ககரத்தைத் தொண்டையில் உரசி ஒலிக்கின்றனர், அவ்வளவே. பல்லுக்குப் ‘பல்’. செவிக்குக் ‘கெப்டா’. கன்னடர் ‘கிவி’ என்பதை எண்ணினால் அந்தக் ககரத்தின் பழமை விளங்கும். ‘நீ’ என்பது அங்கே ‘நீன்’. கேட்போரையும் உளப்படுத்தும் ‘நாம்’ அங்கும் ‘நாம்’தான், அவரை விலக்கிச் சொல்லும் ‘நாங்கள்’ என்பதற்கு ‘ஏம்’. 1961இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியில் தமிழோடு குரூக்கும் ஒரே பக்கத்தில் நிற்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். நாங்கள் அறிந்தோமில்லை.

மகிழ்ச்சி மிகுந்து, “அப்படியாயின் நீங்கள் எங்கள் உறவினர் அல்லவா!” என்று அப்பெண்ணிடம் உரக்கவே சொல்லிவிட்டோம்.

அவள் புன்னகைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அதோ, அந்த மேசையில் முண்டாரி நூல்கள் இருக்கின்றன. அது உங்கள் குடும்பத்து மொழி அன்று. அதன் பக்கம் நீங்கள் போகவே இல்லையே, ஆன்ட்டி.”

நாங்கள் போனோம். ஹாப்மன் பாதிரியாரின் பல தொகுதிகள் கொண்ட முண்டாரிக் கலைக்களஞ்சியம் அங்கிருந்தது. ஒரு சொல்லின் கீழே உழவும் விதைப்பும் நிலவுரிமையும் பக்கம் பக்கமாக விரிகின்றன. ஒரு சொல்லும் எங்களுக்குப் பழக்கமானதாக இல்லை. ஆயினும் நெடுநேரம் நின்று படித்தோம்.

திரும்பும் வழியில் அப்பெண் தன் கதையைச் சொன்னாள். சிறு வயதில் அவளுக்குக் குரூக் தெரியாதாம். பள்ளியில் பிற பிள்ளைகள் நகைப்பார்களென்று அஞ்சித் தாய் அவளிடம் சாத்ரியே பேசி வளர்த்திருக்கின்றார். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 20 இலட்சம் மக்களின் தாய்மொழி அது. எனினும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சந்தாலிக்குக் கிடைத்த இடம் குரூக்கிற்கு இன்னும் வாய்க்கவில்லை. இப்போது தேர்வுக்குரிய பாடமாக அதைப் படித்து, ஐயம் வந்த சொற்களை இரவில் தாயிடமே கேட்டுக் கொள்கின்றாளாம். “அகராதியைவிட அம்மா வேறு விதமாகச் சொல்வாள். ஆசிரியரிடம் இரண்டையும் எழுதிக் கொடுப்பேன்” என்றாள். எங்கள் மகன் அவள் முகத்தையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு நாங்கள் தமிழ் எழுத்துக் கற்பித்தது எத்தனை நாள் என்பது அவனுக்கும் எங்களுக்கும் தெரியும்.

மறுநாட்காலை அம்மாள் வழக்கம்போல் வந்தார். தண்ணீருக்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். அவர் நாணிச் சிரித்து, இந்தச் சொல்லைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். மீண்டும் கேட்டபின், “அம்ம்” என்றார்.

அன்று சன்னலருகே இருந்த குவளையை எடுக்காமல், நாங்கள் குடிக்கும் குவளை ஒன்றில் நீர் முகந்து கொடுத்தோம். அவர் அதைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் பாத்திரம் துலக்கச் சென்றார்.